தாத்தாவுக்கு விக்கல் எடுத்தப்போ

 

தைப்பூசம் நெருங்குது. நம்ம குரூப்புல "இந்த வருஷம் எத்தனை பேருக்குப் போடறோம்" பேச்சு ஆரம்பிச்சாச்சு. ஒரு அண்ணன் ஆயிரம் பேருக்குன்னு சொன்னார், பத்து நிமிஷத்துல இன்னொரு அண்ணன் ஆயிரத்தைந்நூறுன்னு ஏத்திட்டார். ஜிபே நம்பர்கூட வந்துடுச்சு. பணம் அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு கதையும், நான் பண்ணின ஒரு தப்பும் சொல்லணும். கொஞ்சம் நீளமா போகும், மன்னிச்சிடுங்க.

முதல்ல கதை. நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். வள்ளி தினைப்புனம் காத்துட்டு இருக்கா. முருகன் கிழவன் வேஷத்துல வர்றான். பசிக்குதுன்னு சொல்றான். வள்ளி தினைமாவுல தேன் பிசைஞ்சு கொடுக்குறா. அவன் சாப்பிட்டுட்டு தாகம்னு சொல்றான். ஊர்ல கதை சொல்ற பெரியவங்க இந்த இடத்துல தாத்தாவுக்கு விக்கல் எடுக்க வச்சு, விக்கிக்காட்டி சிரிக்க வைப்பாங்க. தண்ணி இந்த மலைக்கு அந்தப் பக்கம் இருக்கு தாத்தான்னு வள்ளி சொல்றா. எனக்கு வழி தெரியாதும்மா, நீயே கூட்டிட்டுப் போன்னு கிழவன் கேக்குறான். அவளும் கூடவே நடந்து போய் சுனையைக் காட்டுறா. அதுக்கப்புறம் கல்யாணம் கட்டிக்கச் சொல்லி அவன் வம்பு பண்றதும், ஆனை வர்றதும் உங்களுக்கே தெரியும்.

சின்ன வயசுல இருந்து இதை நான் காதல் கதையாத்தான் கேட்டேன். இப்போ எனக்கு இது அன்னதானக் கதையா தெரியுது. வள்ளி என்ன கொடுத்தான்னு பாருங்க. பல்லு போன கிழவன். கறியோ கிழங்கோ கொடுத்திருந்தா மெல்ல முடியாது. மாவும் தேனும் அப்படியே உள்ள இறங்கிடும். கொடுத்தவ திரும்பிப் போய் ஆலோலம் பாடப் போகல, அவன் சாப்பிடற வரைக்கும் நின்னு பாத்தா. நின்னதாலதான் விக்கல் எடுத்தது அவளுக்குத் தெரிஞ்சுது. தண்ணி அங்க இருக்குன்னு கையைக் காட்டினதோட முடிக்காம கூட நடந்தா. எதிர்ல நிக்கிறது முருகன்னு அவளுக்குத் தெரியாது. யாரோ ஒரு தாத்தா, அவ்வளவுதான்.

இப்போ என் தப்புக்கு வர்றேன்.

ரெண்டு வருஷத்துக்கு முந்தின தைப்பூசம். கோயமுத்தூர்ல என்கூட வேலை பாக்குற பசங்களும் ஊர்ப் பசங்களும் சேர்ந்து பதினாலு பேர். ஒட்டன்சத்திரம் தாண்டி பழனி போற ரோட்டுல ஒரு ஸ்டால் போட்டோம். அறுநூறு பொட்டலம் சாம்பார் சாதம். ஒரு பொட்டலத்துக்கு 45 ரூபாய் அடக்கம், மொத்தம் 27,000. சமையல் மாஸ்டர் ராத்திரி ரெண்டு மணிக்கே அடுப்பு மூட்டி, காலைல ஆறு மணிக்கெல்லாம் கட்டி டெம்போவுல ஏத்திட்டார். எங்க பேர் போட்ட பேனர், முருகன் படம், ஸ்பீக்கர்ல பாட்டு, எல்லாம் ஜோரா இருந்துச்சு.

பத்து மணி வரைக்கும் ஒரு நூத்தம்பது போச்சு. அதுக்கப்புறம் ரோட்டுல ஆளே குறைஞ்சுடுச்சு. ஏன்னு அப்போ புரியல. பாதயாத்திரை போறவங்க நிறையப் பேரு வெயிலுக்குப் பயந்து ராத்திரியும் விடியக்காலையும்தான் நடப்பாங்க. பகல்ல புளியமரத்தடியிலயும் மண்டபத்துலயும் படுத்துடுவாங்க. செருப்பில்லாத கால் தார் ரோட்டுல என்னாகும்? இது நடந்து பாத்த எவனுக்கும் தெரியும். நாங்க கார்ல போனவங்க.

சரி, கொஞ்சம் நடந்து பாப்போம்னு போனேன். ஒரு கிலோமீட்டருக்குள்ள எங்களைச் சேர்த்து ஒன்பது ஸ்டால். ஏழுல சாம்பார் சாதம், ஒண்ணுல தக்காளி சாதம், ஒண்ணுல புளியோதரை. ரோட்டோரம் முழுக்க பாதி சாப்பிட்ட பொட்டலம். பக்தர்கள் வேண்டாம்னு சொல்லக் கூச்சப்பட்டு வாங்கி, அடுத்த வளைவுல வச்சுட்டுப் போயிருக்காங்க. பிரசாதம்னு கொடுத்தா எப்படி வேண்டாம்னு சொல்வாங்க, பாவம்.

பதினொன்றரைக்கு எங்க பொட்டலத்தைப் பிரிச்சா லேசா புளிச்ச வாடை. மாஸ்டர் மேல தப்பில்ல. சூடா இருக்கும்போதே கட்டி, மூடி, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி அஞ்சரை மணி நேரம் வெயில்ல வச்சிருந்தா எந்தச் சாதமும் ஊசும். சமைச்ச சாப்பாட்டை 60 டிகிரிக்கு மேல சூடா வச்சிருக்கணும், இல்லேன்னா ரெண்டு மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டுடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்ற விதி ஒண்ணு இருக்கு. அன்னைக்கு சாயந்தரம்தான் தேடிப் படிச்சேன். மத்தியானம் எனக்குத் தெரிஞ்சதெல்லாம், மீதி இருக்கற நானூறு சொச்சத்தை என்ன பண்றதுங்கற கவலைதான்.

அப்போ ரோடு கூட்டற அக்கா ஒருத்தங்க வந்தாங்க. சாப்பாடு வாங்கிக்கங்க அக்கான்னு நீட்டினேன். "காலைல இருந்து நாலு வாங்கிட்டேன் தம்பி. நீங்க போட்டதெல்லாம் நாந்தான் அள்ளணும். போடறவங்க ஒரு சாக்குப்பையாவது கொண்டாரக் கூடாதா?"ன்னு கேட்டாங்க. கோபமாக்கூட கேக்கல. எனக்குப் பதில் வரல. ஒன்பது ஸ்டால்ல ஒருத்தர்கிட்டகூட குப்பைக்கு சாக்கு இல்ல.

இதுவரைக்கும் நடந்தது அனுபவமில்லாத பசங்களோட தப்பு. அடுத்ததை அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது.

அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து ஸ்டேட்டஸ் போட்டேன். எட்டு போட்டோ. அதுல ஒண்ணுல ஒரு வயசான அம்மாவும் அவங்க பொண்ணும் என் கையில இருந்து பொட்டலம் வாங்கறாங்க. நான் கேமராவைப் பாத்து சிரிக்கிறேன். எங்க அம்மா சமையக்கட்டுல இருந்து போனை எடுத்துட்டு வந்து, "அந்தப் பொண்ணு மொகம் தெரியுதுடா. எடுத்துடு"ன்னாங்க. புண்ணியம் பண்ணினதைத்தானேம்மா போட்டிருக்கேன், நாலு பேர் பாத்தா அவங்களும் செய்வாங்கன்னு விளக்கம் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாம நின்னாங்க. அப்புறம் உக்காந்து, இத்தனை வருஷமா சொல்லாததைச் சொன்னாங்க.

நான் இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிச்சப்போ அப்பாவுக்கு சர்க்கரையில கால்ல புண்ணு வந்து, ஒரு அரசு ஆஸ்பத்திரியில இருபத்தி மூணு நாள் வச்சிருந்தோம். எனக்கு செமஸ்டர். நான் வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. உள்நோயாளிக்கு ஆஸ்பத்திரியிலயே சாப்பாடு உண்டு, அப்பா சாப்பிட்டுக்கிட்டார். கூட இருக்கறவங்களுக்குக் கிடையாது. கையில காசு இல்ல. இருந்ததெல்லாம் மருந்துக்கும் எனக்கு எக்ஸாம் ஃபீஸுக்கும் போயிடுச்சு.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு கேட் வாசல்ல அன்னதானம். ஒரு நாள் மூணு வண்டி வரும், ஒரு நாள் அஞ்சு வண்டி வரும். எல்லாம் அதே நேரம். ராத்திரிக்கு ஒரு வண்டியும் வராது. அதனால அம்மா மத்தியானமே ரெண்டு பொட்டலம் வாங்கி, ஒண்ணை ராத்திரிக்குப் பையில வச்சுக்குவாங்களாம். ஒன்பது மணிக்குப் பிரிச்சா ஊசிப்போயிருக்கும். மேல இருக்கறதை ஒதுக்கிட்டு அடியில இருக்கறதைச் சாப்பிட்டிருக்காங்க. ஒரு நாள் ராத்திரி முழுக்க வாந்தி. அப்பாவுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாருன்னு வராண்டா கடைசியில போய் உக்காந்திருந்தாங்களாம்.

"சோறு போட்டவங்க நல்லா இருக்கணும்டா, நான் குறை சொல்லல"ன்னு ரெண்டு தடவை சொன்னாங்க. அப்புறம், "ஒரு தம்பி போட்டோ எடுத்துச்சு. முந்தானையால மூடிக்கிட்டேன். அக்கா, மொகத்தைக் காட்டுங்கன்னுச்சு. காட்டினேன்"ன்னாங்க.

நான் ஸ்டேட்டஸை அழிச்சேன். வேற என்ன செய்யறதுன்னு தெரியல. யாரோ ஒருத்தரோட பழைய போன்ல என் அம்மா முகம் இன்னும் இருக்கலாம்.

அன்னைக்குத் தூங்கல. எங்க வேலையில ஒரு பாடம் உண்டு. யூசருக்கு என்ன வேணும்னு கேக்காம ஆறு மாசம் கோடு எழுதினா, அருமையா ஓடும், ஒருத்தன்கூட யூஸ் பண்ண மாட்டான். ஆபீஸ்ல இதை ஜூனியர் பசங்களுக்கு நான்தான் கிளாஸ் எடுப்பேன். முருகனுக்குன்னு செய்யறப்போ மட்டும் இந்தக் கேள்வி எனக்கு வரவே இல்ல. அறுநூறுங்கற நம்பர் எங்க இருந்து வந்துச்சுன்னு யோசிச்சேன். அதுக்கு முந்தின வருஷம் பக்கத்து ஊர் பசங்க ஐந்நூறு போட்டாங்க. அவ்வளவுதான்.

குரூப்புல இதைப் பேசினப்போ ஒரு பெரியப்பா, "அன்னதானத்துல கணக்கு பாக்கக் கூடாது தம்பி, போடறது நம்ம வேலை, மத்ததை முருகன் பாத்துப்பான்"ன்னார். அவர் மேல எனக்கு ரொம்ப மரியாதை. அவர் சொல்றதுல பாதியை நான் அப்படியே ஏத்துக்கறேன். சாப்பிட வர்றவனைப் பாத்து, நீ உண்மையிலயே ஏழையா, கார்டு வச்சிருக்கியா, ஏன் வேலைக்குப் போகலன்னு கணக்கு பாக்கக் கூடாது. ஆனா எத்தனை மணிக்குப் பசிக்குது, எது உள்ள இறங்கும்னு கேக்கறது அந்தக் கணக்கு இல்லையே. வள்ளி அந்தக் கிழவன்கிட்ட ஊர், பேர், குலம் எதையும் வச்சு சோறு போடறதை முடிவு பண்ணல. பல்லை மட்டும் பாத்தா.

இதுல நமக்கு ஒரு பெரிய வழிகாட்டி இருக்கார். வள்ளலார். சின்ன வயசுல சென்னை கந்தகோட்டத்து முருகன் சந்நிதியில உருகினவர், அந்த முருகன் மேல தெய்வமணிமாலை பாடினவர். 1866-ல ஒரிசாவுல ஆரம்பிச்சு மதராஸ் மாகாணத்தோட பல பக்கத்துலயும் பஞ்சம். மறு வருஷம், 1867 மே 23-ல, வடலூர்ல சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். நிலம் ஊர்க்காரங்க கொடுத்தது. அன்னைக்கு மூட்டின அடுப்பு இன்னைக்கு வரைக்கும் அணையல. இந்தச் செய்தி நம்ம எல்லார் போன்லயும் வருஷா வருஷம் ஃபார்வர்டா வரும், நானும் அனுப்பியிருக்கேன். அணையா அடுப்புன்னா ஏதோ அதிசயம்னு நினைச்சிருந்தேன். யோசிச்சுப் பாத்தா அது நேரத்தைப் பத்தின விஷயம். பசி திருவிழா பாத்து வராது. செவ்வாய்க்கிழமையும் வரும், மழை பெய்யற ராத்திரியும் வரும். அதனால அடுப்பும் தினமும் எரியணும். சாதி கேக்காம யார் வந்தாலும் சோறு. தைப்பூசத்துக்கு வடலூர்ல லட்சக்கணக்குல கூட்டம் வருது, சரி. ஐப்பசி மாசத்துல சும்மா ஒரு புதன்கிழமை போனாலும் அங்க இலை போடுவாங்க.

பள்ளிக்கூடச் சாப்பாட்டையும் இப்படித்தான் பாக்கறேன். 1920-ல சென்னை மாநகராட்சிப் பள்ளியில தியாகராயர் காலத்துல மதிய உணவு தொடங்குச்சு, 1956-ல காமராஜர் அதை ஊர் ஊரா கொண்டு போனார், 1982-ல எம்ஜிஆர் சத்துணவா பெருசாக்கினார். அறுபது எழுபது வருஷமா மத்தியானத்துக்குச் சோறு இருந்துச்சு. ஆனா பிள்ளைங்க காலைல வெறும் வயித்தோட வர்றாங்கங்கறதுக்கு விடை 2022 செப்டம்பர்லதான் காலை உணவுத் திட்டமா வந்துச்சு. அரசியல் பேசல, கமெண்ட்ல சண்டை போடாதீங்க. சோறு போடற இத்தனை பெரிய ஏற்பாட்டுக்கே "எத்தனை மணிக்குப் பசிக்குது"ங்கற கேள்விக்கு வந்து சேர இவ்வளவு வருஷம் ஆகியிருக்கு. நாம பதினாலு பேர், நமக்கு ஒரு சாயந்தரம் போதும்.

நிஜமாவே ஒரு சாயந்தரம்தான் ஆச்சு. நானும் இன்னொருத்தனும் அந்த ஆஸ்பத்திரி வாசல்ல போய் உக்காந்தோம். பேனர் இல்ல, பொட்டலம் இல்ல. டீ வாங்கிக் குடிச்சுட்டு பக்கத்துல இருந்தவங்ககிட்ட பேச்சுக் கொடுத்தோம். மதியம் சோறு கிடைக்குது, ராத்திரிதான் கஷ்டம். வெந்நீர் வாங்க அரை பர்லாங்கு நடக்கணும். கைக்குழந்தைக்குப் பால் வேணும். வார்டை விட்டு அரை மணி நேரத்துக்கு மேல வெளிய வர முடியாது. ஒரு அண்ணன், "சோறு வேண்டாங்க, போன் சார்ஜ் போட ஒரு இடம் கிடைச்சா போதும், வீட்டுல பிள்ளைங்க தனியா இருக்காங்க"ன்னார். சிரிச்சுட்டோம். அப்புறம் சிரிச்சதுக்கு வெக்கமா இருந்துச்சு.

கேட்டுக்கு எதிர்ல ஒரு அக்கா தள்ளுவண்டியில இட்லி போடறாங்க, சாயந்தரம் ஏழு மணியில இருந்து பத்தரை வரைக்கும். நாலு இட்லி 40 ரூபாய். அவங்ககிட்ட பேசினோம். நாங்க தினமும் இருபத்தஞ்சு டோக்கன் கொடுப்போம், டோக்கன் கொண்டு வந்தா காசு வாங்காம கொடுங்க, வாரக் கடைசியில எண்ணி மொத்தமா அனுப்பிடறோம். ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்க: நாங்க ஒரே மத்தியானத்துல ரோட்டுல கொட்டின 27,000 ரூபாய், இருபத்தேழு ராத்திரி. சூடான இட்லி, காசு கொடுத்து வாங்கறவங்க சாப்பிடற அதே தட்டுல. வரிசை இல்ல, கேமரா இல்ல. அக்காவுக்கும் வியாபாரம் நிக்கல. முன்னாடி அன்னதான வண்டி பக்கத்துல வந்து நின்ன நாள்லாம் அவங்க மாவு வீணாப் போகுமாம், அதை அவங்க சொல்லித்தான் தெரிஞ்சுது.

எல்லாம் சுகமா ஓடுச்சுன்னு நினைக்காதீங்க. முதல் மாசம் டோக்கனை யார்கிட்ட கொடுத்து வைக்கிறதுன்னு தெரியாம ஒருத்தர்கிட்ட கொடுத்தோம், பாதி அவருக்குத் தெரிஞ்சவங்களுக்கே போச்சு. இப்போ டீக்கடை அண்ணன்கிட்ட இருக்கு. கழுத்துல செயின் போட்ட ஒரு அம்மா டோக்கன் வாங்கினாங்கன்னு எங்க பையன் ஒருத்தன் கோபப்பட்டான். விசாரிக்கலாமான்னு பேச்சு வந்துச்சு. வேண்டாம்னு முடிவு பண்ணினோம். ரெண்டு மாசம் பணம் பத்தாம, மாசக் கடைசியில பத்து நாள் நிறுத்தியும் இருக்கோம். அணையா அடுப்பு எவ்வளவு பெரிய விஷயம்னு அந்தப் பத்து நாள்ல புரிஞ்சுது.

எங்க ஊர்ல தனியா இருக்கற ஒரு பாட்டி கதையும் இதோட சேரும். வாரத்துக்கு மூணு நாள் யாராவது சாப்பாடு கொண்டு போய்க் கொடுத்துட்டு வருவோம், ரொம்பத் திருப்தியா இருக்கும். ஒரு நாள் பாட்டியே, "எனக்கு ரேஷன் அரிசி சும்மாத்தான் தர்றாங்க சாமி. ரேகை விழ மாட்டேங்குது, தூக்கவும் முடியல. அதை வாங்கித் தந்தீங்கன்னா நானே பொங்கிக்குவேன்"னாங்க. நேர்ல வர முடியாதவங்களுக்குப் பதிலா இன்னொருத்தர் பொருள் வாங்க ரேஷன்ல அங்கீகாரம் வாங்கிக்கலாம். அதை எழுதிக் கொடுத்து வாங்கினோம். இப்போ மாசம் ஒரு தடவை பைக்ல அரிசி, பருப்பு, எண்ணெய் கொண்டு போறதோட எங்க வேலை முடிஞ்சுது. போனா பாட்டி எங்களுக்குச் சோறு போடறாங்க. அவங்க வைக்கிற ரசத்துக்காகவே ரெண்டு பேர் போட்டி போட்டுட்டுப் போறானுங்க.

அப்போ தைப்பூசத்துக்கு ரோட்டுல ஒண்ணும் வேண்டாமான்னு கேப்பீங்க. வேணும். நடக்கறவங்களுக்குச் செய்யறது முருகனுக்கே செய்யறது, அதை விட எனக்கு மனசு வராது. போன வருஷம் நான் திண்டுக்கல்ல இருந்து நடந்தேன், முதல் தடவையா. ராத்திரி ரெண்டு மணிக்கு கால் எரியும்போது என்ன வேணும்னு இப்போ எனக்குத் தெரியும். சாம்பார் சாதம் இல்ல. சுக்கு காபி. காலை வைக்க வெந்நீர், கொஞ்சம் தேங்காய் எண்ணெய். பின்னாடி வர்ற லாரிக்குத் தெரியற மாதிரி முதுகுல ஒட்ட ஒளிர்ற ஸ்டிக்கர். பெண்கள் போய்ட்டு வர சுத்தமான, விளக்குப் போட்ட ஒரு கழிப்பறை. இந்தக் கடைசி ஒண்ணை ரோட்டோரத்துல ஒரு பெட்ரோல் பங்க்காரர் கேட்டதும் திறந்து விட்டார். அது வரைக்கும் அவர்கிட்ட யாரும் கேக்கல.

இந்த வருஷம் பக்கத்து ஸ்டால்காரங்க அஞ்சு பேர்கிட்ட பேசி நேரம் பிரிச்சிருக்கோம். காலைல ஒருத்தர் பொங்கல், மத்தியானம் மண்டபத்துலயே ஒருத்தர் இலை போட்டுச் சாப்பாடு, சாயந்தரம் ஒருத்தர் மோரும் பழமும். ராத்திரி பதினொண்ணுல இருந்து விடியக்காலை நாலு வரைக்கும் நாங்க. மூணு பேர் ஒத்துக்கிட்டாங்க. ஒருத்தர் யோசிச்சுச் சொல்றேன்னார். இன்னொருத்தர், அவங்க தலைவர் படம் போட்ட பேனர் ராத்திரியில யாருக்கும் தெரியாதேன்னு கவலைப்பட்டார். நானும் பேனர் போட்டவன்தான், அவரைக் கிண்டல் பண்ண எனக்கு யோக்கியதை இல்ல.

குரூப்புல இருக்கற எல்லாரும் ஜிபே பண்றதுக்கு முன்னாடி உங்க ஊர் ஆஸ்பத்திரி வாசல்லயோ, பஸ் ஸ்டாண்டுலயோ, தூய்மைப் பணியாளர் அக்காங்க காலைல கூடற இடத்துலயோ ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வாங்க. என்ன கேட்டீங்க, என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க, போட்டோ வேண்டாம். வர்ற கிருத்திகைக்குள்ள எழுதினீங்கன்னா, அதை வச்சு இந்த வருஷப் பணத்தைப் பிரிக்கலாம்.

அந்த ரோடு கூட்டற அக்காவைத் தேடிப் பாத்தேன், கிடைக்கல. சாக்குப்பை முப்பது வாங்கி வச்சிருக்கேன். அம்மாவும் இந்தத் தடவை கூட வர்றாங்க. ராத்திரி பனி ஒத்துக்காதும்மான்னு சொன்னேன். "வெந்நீர் அண்டாவை என்கிட்ட விட்டுடு, நீங்க பசங்க பாதியிலயே ஆறவிட்டுருவீங்க"ன்னு சொல்லிட்டு, போர்வையை எடுத்து மடிச்சு வச்சுட்டாங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.